குமுதாவின் பீச்சாங்கை

தண்ணீர் கேட்டால் குமுதா இடது கையால் டம்ளரை எடுப்பாள், நம் பக்கம் வருவதற்குள் அது வலது கைக்குப் போயிருக்கும், அப்புறம்தான் நீட்டுவாள். செய்தித்தாளானாலும் சரி, வீட்டுச் சாவியானாலும் சரி, கோவிலில் திருநீற்றுத் தட்டானாலும் சரி, இதே கதைதான். எடுப்பது ஒரு கை, கொடுப்பது ஒரு கை. கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுகிற இந்த மாற்றத்தை, அவள் பிறந்த நாள் முதல் அடுத்த வீட்டில் இருக்கும் நானே கவனித்ததில்லை. இந்தப் புரட்டாசியில்தான் கவனித்தேன். அதற்கு ஒரு பெட்டி வர வேண்டியிருந்தது.

கோலா தெர்லா தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி அனுப்புவார்களே, அந்த வெள்ளை நுரைப் பெட்டிதான். மூடியில் மூன்று ஓட்டைகள். நடு ஓட்டை வழியாகக் கைபேசியின் கேமரா உள்ளே பார்க்கும். அது பார்ப்பது கூடத்து டிவியில் தெரியும். பக்கத்து ஓட்டைகள் இரண்டிலும் பழைய மோட்டார் டியூபிலிருந்து வெட்டி ஒட்டிய ரப்பர். அந்த ரப்பரைத் துளைத்துக்கொண்டு முழ நீளத்துக்கு இரண்டு இரும்பு இடுக்கிகள் உள்ளே போயிருந்தன. வெளியே கத்தரிக்கோல் பிடி, உள்ளே கொசுவைப் பிடிக்கலாம் போன்ற சின்ன வாய்.

"என்னா புள்ள இது?" என்று கேட்டேன்.

"வயிறு, மாமா," என்றாள்.

குமுதா டாக்டர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, மலையிறங்கிப் படித்து, கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பகுதியில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா திலகா, சுற்றுலா வருகிறவர்களுக்காக எங்கள் எஸ்டேட் நடத்தும் தேநீர்க் கடையில் பரிமாறுகிறவள். நான் சுகுமாரன், எஸ்டேட் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று திலகா என்னைப் பற்றிச் சொல்வாள். இல்லையென்று மறுக்க, இதை எழுதி முடிக்கும்போது எனக்கு முகம் இருக்காது.

நுண்துளை அறுவை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் ஓட்டை ஆபரேஷன். இதைப் பற்றி எனக்குச் சொந்த வயிற்று அனுபவம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் என் பித்தப்பையில் கல் சேர்ந்து, நான்கு ஓட்டை போட்டு எடுத்தார்கள். மூன்றாம் நாள் நானே நடந்து வீட்டுக்கு வந்தேன். என் அப்பாவின் காலமாக இருந்தால் விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்திருப்பார்கள். அன்று முதல் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் நான் அனுப்பியதில்லை.

ஆனால் ஆபரேஷனுக்கு மறுநாள் வலது தோளில் ஒரு வலி வந்தது பாருங்கள்! வயிற்றில் அறுத்தவனுக்குத் தோளில் ஏன் வலிக்க வேண்டும்? ஆள் முடிந்தான் என்று முடிவு கட்டி, திலகாவுக்குப் போன் போட்டு, என் ரேடியோ யாருக்கு, சாய்வு நாற்காலி யாருக்கு என்றெல்லாம் சொல்லிவிட்டேன். அன்று லீவில் வந்திருந்த குமுதாதான் போனை வாங்கிப் பேசினாள். "அது காத்து மாமா. உள்ள வேலை செய்ய இடம் வேணுமில்ல? கேஸ் அடிச்சு வயித்த ஊதி வச்சிருப்பாங்க. மிச்சம் நிக்கிற கேஸ் மேல போய் உரசும், தோள் வலிக்கும். ரெண்டு நாள்ல போயிரும் லா. நாற்காலியில நீங்களே உக்காருங்க."

ஆஸ்பத்திரியில் குமுதாவுக்கு ஒரு வேலையில் பெரிய பெயர்: கேமரா பிடிப்பது. ஓட்டை ஆபரேஷனில் பெரிய டாக்டர் நோயாளியைப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் டிவியைத்தான் பார்க்கிறார். கேமராக் கம்பியை உள்ளே விட்டுப் பிடித்திருப்பவர் அசைந்தால் அவருக்குக் கண் கட்டினாற்போல் ஆகிவிடும். குமுதா பிடித்தால் இரண்டு மணி நேரமானாலும் படம் ஆடாது, சாயாது. அதனால் எல்லாப் பெரிய டாக்டர்களும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். "நல்லா புடிக்கிறேன்ல, அதான் வேற எதுக்கும் விட மாட்டேங்கிறாங்க மாமா. ரெண்டு வருசமா ஸ்டாண்டு மாதிரி நிக்கிறேன். நானும் ஒரு நாளு பித்தப்பைய எடுக்க வேணாமா?"

எடுப்பதற்குக் கைத்திறன் பரீட்சை ஒன்று பாஸ் செய்ய வேண்டும். ஐந்து வேலைகள். வட்டமாக வெட்டுவது, உள்ளேயே முடிச்சுப் போடுவது என்று கஷ்டமான நான்கையும் முதல் தடவையே முடித்துவிட்டாள். எல்லாவற்றிலும் சுலபமான ஒன்றில் பெயில். இன்னும் ஒரே ஒரு தடவை விடுவார்களாம். அதிலும் தவறினால் அவளுடைய பயிற்சி இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இவள் கேமராவும் கையுமாக நிற்க வேண்டியதுதான். அதற்காகத்தான் பத்து நாள் லீவு போட்டு, பெட்டியோடு மலையேறி வந்திருந்தாள்.

சுலபமான வேலை இதுதான். ஒரு பலகையில் இடது பக்கம் ஆறு ஆணி, வலது பக்கம் ஆறு ஆணி. இடது ஆணியில் மாட்டியிருக்கும் வளையத்தை இடது இடுக்கியால் எடுத்து, அந்தரத்திலேயே வலது இடுக்கிக்குக் கொடுத்து, வலது ஆணியில் மாட்ட வேண்டும். ஆறும் போய்ச் சேர்ந்ததும் திரும்பி வர வேண்டும். வலது எடுக்கும், இடது வாங்கும், இடதே மாட்டும். மொத்தம் ஐந்து நிமிஷம்.

இது என்ன பிரமாதம் என்று நானும் பிடித்துப் பார்த்தேன். கையை இடப்பக்கம் தள்ளினால் முனை வலப்பக்கம் போகிறது! கையைத் தூக்கினால் முனை குனிகிறது! "ஓட்டைதான் மாமா அச்சு. பார்க்குல சீசா பலகை இருக்குல்ல, அந்தக் கணக்கு," என்றாள். போதாததற்கு டிவியில் ஆழமும் தெரியவில்லை. ஆணி என்று நினைத்து நான் காற்றில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு வளையம்கூடப் போய்ச் சேரவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வளையம் என்றேனே, ஆஸ்பத்திரியில் அது ரப்பர். இங்கே குமுதா எடுத்தது, திலகா தீபாவளிக்கென்று சுட்டு டின்னில் அடைத்திருந்த குட்டி வளைய முறுக்கு. சின்ன வயதில் விரலில் மோதிரமாகப் போட்டுக்கொண்டு தின்றோமே, அது. "ரப்பரு பொறுமைசாலி மாமா, எவ்ளோ நசுக்குனாலும் சும்மா இருக்கும். கொடலு அப்படி இருக்காது. இது ஒடையும். ஒடைஞ்சா கை முரடுன்னு தெரிஞ்சிக்கலாம்ல?" கெட்டியாகப் பிடித்தால் நொறுங்கியது. லேசாகப் பிடித்தால் நழுவியது. விழுந்ததும் உடைந்ததும் கேமரா பிடிப்பவருக்கு என்று ஏற்பாடு. தீபாவளிக்கு முன்னால் திலகாவின் டின் பக்கம் எறும்புகூடப் போக முடியாது. பரீட்சைக்கு என்பதால் மகளுக்கு மட்டும் விலக்கு. நான் தினமும் ஆபீஸ் விட்டு நேராக வந்து கேமரா பிடித்ததற்கு இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன்.

முதல் நாள் அவள் ஒரு கோழித் தொடையும் வாங்கி வந்திருந்தாள், சதையில் கீறல் விழாமல் தோலைப் பிரித்துப் பழக. புரட்டாசியில் கோழி! திலகா தொடையையும் பெட்டியையும் மகளையும் சேர்த்து வாசலுக்கு அனுப்பிவிட்டாள். அப்புறம் பெட்டிக்குள் தக்காளிதான் போனது. அரை மணி நேரம் போராடி ஒரு தக்காளியின் தோலை உரித்துக் காட்டினாள். "பழம் உரிக்கவாடி இத்தன வருசம் படிச்ச?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தக்காளியை எடுத்துத் திலகா ரசத்தில் போட்டாள்.

கேமரா பிடிக்கும்போது குமுதா என்னிடம் காட்டிய கண்டிப்பை எங்கள் எஸ்டேட் துரைகூடக் காட்டியதில்லை. "மாமா, படம் சாயுது. மலை சரிஞ்சாப்ல இருக்கு." "மாமா, விழுந்த முறுக்கு பின்னாடி போவாதீங்க. கம்பி மொனைய பாருங்க." முனை டிவியில் தெரியாவிட்டால் கையை அசைக்கவே மாட்டாள்; நான் தும்மி முடிக்கும்வரை அப்படியே சிலையாக உட்கார்ந்திருப்பாள். தெரியாத இடத்தில் முனை எதைக் குத்தும் என்று சொல்ல முடியாதாம். சாயங்காலமானால் மூடுபனி சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து கேமராக் கண்ணாடியில் உட்கார்ந்துவிடும். "உள்ளயும் இதே சுசாதான், இதே தொல்லதான் மாமா. கண்ணாடி குளுரு, வயிறு சூடு. வெந்நீர்ல காட்டிட்டுத்தான் உள்ள விடுவோம்." வளையத்தை எடுக்கும்போது "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணுவாள். நழுவப் பார்க்கும் முறுக்கை "வா சாயாங், வா" என்று கொஞ்சுவாள்.

"இத்துனூண்டு ஓட்டையில அம்மாம் பெரிய வேலை. பெருமைதான் புள்ள," என்றேன் ஒரு நாள். அவள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள். "ஓட்டையில பெருமை இல்ல மாமா. ரத்தம் நிக்கல, எது எதுன்னு தெரியல, அப்போ வயித்தத் தொறந்திரணும். வெக்கப்படக் கூடாது. தொறக்கத் தெரியாதவன் ஓட்டையே போடக் கூடாது லா." அன்று நான் சட்டையைத் தூக்கிக் காட்டவில்லை.

நான்காம் நாள் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. முறுக்கு போகும்போது விழுவதில்லை. திரும்பி வரும்போதுதான் விழுகிறது. தின்கிறவனுக்குத்தானே அந்தக் கணக்குத் தெரியும்? சொன்னேன். கைபேசியில் பதிவானதைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். வலது எடுத்தது. இடதுக்குக் கொடுத்தது. இடது ஒழுங்காக வாங்கி ஆணிக்கு மேலே வரை கொண்டுவந்தது. மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கே நின்று, மறுபடி வலதுக்கே கொடுத்தது! வலது குறுக்கே வந்து மாட்டியது. ஆறு முறுக்கும் இப்படியே வலது, இடது, வலது. வழியில் விழுந்தவை என் வயிற்றுக்கு.

"அலாமா! நானா மாமா இது?" என்று குமுதா விழுந்து விழுந்து சிரித்தாள். பரீட்சையிலும் இதைத்தான் செய்திருக்கிறாள். நேரம் எங்கே போனது என்று தெரியாமலே பெயிலாகியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே இடது கையால் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து எனக்கு நீட்டப் போனாள். அடுப்படியிலிருந்து திலகாவின் குரல் வந்தது. "சோத்தாங்கை!"

முறுக்கு தானாக வலது கைக்கு மாறியது. நானும் குமுதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

குமுதா பிறவியில் இடக்கைக்காரி. பால்புட்டியையே அந்தக் கையால்தான் பிடித்தாளாம். திலகா விடுவாளா? சாப்பிடும்போது அந்தக் கையில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினாள். மறந்து நீட்டினால் புறங்கையில் ஓர் அடி. பீச்சாங்கையால் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். டம்ளர் அந்தரத்தில் நிற்கும், தேநீர் ஆறும், அவள் அசைய மாட்டாள். தான் சொல்வதைத் தானும் செய்கிறவள். கடையில் வெள்ளைக்காரனுக்குக் கோப்பை வைத்தாலும் வலது கையால்தான் வைப்பாள், இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி இருக்கும். இப்படி வளர்ந்த கை வாங்கப் பழகியது, எடுக்கப் பழகியது. கொடுக்க மட்டும் அதற்குத் தைரியம் வரவில்லை.

"அம்மாட்ட சொல்லிராதீங்க மாமா," என்றாள் குமுதா.

சொல்லக் கூடாது என்று எனக்கும் நன்றாகத் தெரியும். மறுநாள் காலை பசியாறக் கடைக்குப் போனவன், திலகா ரொட்டியைக் கொண்டுவந்து வைத்ததும், "உன் மக பெயிலானது யாரால தெரியுமா திலகா? உன்னாலதான்!" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னேன். திலகா சிரிக்கவில்லை.

"கெட்டதுக்கா அடிச்சேன்ண்ணே?" என்றாள். "படிச்ச எடத்துல, போற எடத்துல, நாலு பேரு முன்னாடி கைய நீட்டுனா, தோட்டத்துப் புள்ளதானேன்னு ஒரு சொல்லு வந்துறக் கூடாதுன்னுதானே அடிச்சேன்." கண் நிறைந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. சாயங்காலம் குமுதா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு சொன்னேன் மாமா, அதையும் கேக்கல." கேமராவும் போயிற்று, முறுக்கும் போயிற்று.

தடை கேமராவுக்குத்தான், சன்னலுக்கு இல்லை. வெளியே நின்று பார்த்தேன். கேமராவைப் பிடித்திருந்தது திலகா! ஏழு மணிச் சீரியலை விட்டுவிட்டு, தோளில் துண்டோடு, டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வருடம் தேநீர்த் தட்டு ஏந்தின கையாயிற்றே, படம் கொஞ்சம்கூட ஆடவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இதுல எதுடி பீச்சாங்கை?" என்று கேட்டாள் திலகா. "ரெண்டும் ஒரே கம்பியாத்தானே இருக்கு."

"அதான் மா. உள்ள இருக்கிற கொடலுக்கும் தெரியாது."

இடது இடுக்கி முறுக்கை வாங்கிக்கொண்டு ஆணிக்கு மேலே வந்தது. திலகாவின் உதடு "சோ" என்று குவிந்தது. மிச்சச் சொல்லைக் கடித்து விழுங்கிவிட்டாள். படம் மட்டும் ஒரு பக்கம் சரிந்தது.

"படம் சாயுது மா."

"சாயல. நீ வேலைய பாரு."

இடுக்கி ஆணிக்கு மேலேயே தயங்கி நின்றது. வலது இடுக்கி மெல்ல அதன் பக்கம் நகர ஆரம்பித்தது. "வையிடி!" என்று கத்தினாள் திலகா. "அந்தக் கையாலயே வையி! யாரு இப்ப உன்ன அடிக்கிறா?" குமுதா திடுக்கிட்டு வைத்தாள். முறுக்கு ஆணியில் போய் உட்கார்ந்தது. நான் சன்னலுக்கு வெளியே கை தட்டிவிட்டு, பிடிபட்டேன். அன்றைக்கு எனக்குத் தேநீர் மட்டும் கிடைத்தது.

பெட்டிக்குள் சட்டம் மாறிவிட்டதே தவிர, வெளியே மாறவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்து குமுதா இடது கையால் அப்பளத்தை நீட்டினால் அதே "சோத்தாங்கை!" தான்.

"பொட்டிக்குள்ள ஒரு நாயம், வெளிய ஒரு நாயமா மா?"

"ஆமா. அது இரும்பு, இது கை."

குமுதா அப்பளத்தைக் கை மாற்றிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் மூன்று நிமிஷம் பத்து விநாடியில் ஆறும் போய், ஆறும் திரும்பின. ஒன்று உடையவில்லை, ஒன்று விழவில்லை. பெட்டியின் அடியில் தூள்கூட இல்லை. எனக்கு மன்னிப்புக் கிடைத்து உள்ளே உட்கார அனுமதி வந்த நாளும் அதுதான். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். முழு மனதோடு என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

பரீட்சை வியாழக்கிழமை. அன்று கடையில் திலகா தேநீர் கேட்டவருக்குக் காப்பியும், ஒன்றும் கேட்காதவருக்கு ஸ்ட்ராபெரி கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. நான் ஆபீசில் ஒரே கடிதத்தை மூன்று தடவை தட்டச்சு செய்தேன். பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. எடுத்ததும் திலகாவின் அழுகைதான் கேட்டது. "என்னா திலகா, போச்சா?" என்றேன். "பாஸுண்ணே," என்றாள். "ஒண்ணுகூட விழலையாம். அடுத்த மாசம் அவளே செய்யப் போறாளாம், பெரிய டாக்டரு பக்கத்துல நின்னு பாப்பாராம்." துரையின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து அவரிடமும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் குமுதா வந்தாள். ரிங்லெட் வரை பஸ், அங்கிருந்து எஸ்டேட் லோரி. வலது தோளில் கனத்த பை. லைனில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். திலகா தீபாவளி டின்னைத் திறந்து, ஒரு பெரிய தட்டு நிறைய வளைய முறுக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

குமுதா சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தாள். பை வலது தோளில் இருந்ததால் இடது கையால்தான் எடுத்தாள். "மொதல்ல நீ மா," என்று அம்மாவின் வாய்ப் பக்கம் கொண்டுபோனவள், பாதி வழியில் நின்றாள். பையை இறக்கிவிட்டு வலது கை வர ஆரம்பித்தது. திலகா தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மகளின் இடது கையை மணிக்கட்டோடு பிடித்து இழுத்து, அந்த முறுக்கைக் கடித்தாள்.

கடித்த பிறகும் கையை விடவில்லை. எத்தனை வளையம், எத்தனை நிமிஷம், எப்போது ஆபரேஷன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திலகாதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், மகளின் கையைப் பிடித்தபடியே.

"பேசுனது போதும் திலகா," என்றேன். "கேமரா புடிச்ச பழைய ஆளு ஒருத்தன் நிக்கிறேன். எனக்கு இல்லையா?"

திலகா தட்டைப் பார்த்தாள். குமுதாவின் கையைப் பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு, பிடித்த பிடியை விடாமல், தட்டை இடது கையாலேயே என் பக்கம் நீட்டினாள்.